கீழ்த்தளத்தில் எடுத்த படம்

பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்கு ஆட்டுக்காரி என்று பெயர். வைத்தவர் விளையாட்டுப் பக்கத்து நிருபர். அவள் படியேறி வருவது தெரிந்தால் போதும், மேசைக்குப் பின்னாலிருந்து ‘மே’ என்று ஒரு சத்தம் வரும். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். “இன்னிக்குப் புல்லு வாங்கிட்டு வரலைப்பா, நாளைக்குத்தான்” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போவாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குத் துறைமுகப் பக்கத்தைக் கொடுத்திருந்தார்கள். எந்தக் கப்பல் வந்தது, என்ன ஏற்றிப் போனது, சரக்குக் கூலி ஏறியதா இறங்கியதா என்று எழுத வேண்டும். யாரும் படிக்காத பக்கம். ஒரு வெயில் நாளில் துறைமுக வாசலில் லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. உள்ளே அடுக்கடுக்காகச் செம்மறி ஆடுகள். காகிதத்தில் ஏதோ ஒரு முத்திரை விழவில்லை என்று நிறுத்திவைத்திருந்தார்கள். ஓட்டுநர் சாப்பிடப் போய்விட்டார். ஆடுகள் கம்பிக்கு வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. அவள் காவலரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ரப்பர் குழாயை வாங்கி, தானும் நனைந்து அவற்றையும் நனைத்தாள். மறுநாள் அதை நாலு வரியில் எழுதிக் கொடுத்தாள். ஒரு டயர் விளம்பரத்துக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் ஆசிரியர் அதைப் போட்டார்.

அந்த நாலு வரிக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. எல்லாருமே ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள். அந்த ஆடுகள் அப்புறம் என்ன ஆயின?

அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் போனவள், போனவள்தான். ஆடுகளை ஏற்றிச் செல்லும் லாரிகள், சந்தைகள், கோழிக் கொட்டகைகள், ஆராய்ச்சிக்கூடத்து முயல்கள் என்று எழுதிக்கொண்டே போனாள். வாரம் ஒரு பத்தி அவளுக்கென்று ஒதுக்கினார்கள். பாதிப் பேர் அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டார்கள். மீதிப் பேர், “மனுஷனுக்கே நாதியில்ல, இவளுக்கு ஆட்டுக்குட்டி கேக்குது” என்றார்கள்.

அதே பத்திரிகையில் புகைப்படக்காரனாக இருந்தவன் அவள் கணவன். அவனை எல்லாரும் ஒத்தக்கண்ணன் என்பார்கள். கண்ணில் குறை ஒன்றும் கிடையாது. எதைப் பார்த்தாலும் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிற பழக்கம். கடையில் தக்காளி பொறுக்கும்போதும் அப்படித்தான். ஊரெல்லாம் ஒத்தக்கண்ணன் என்று கூப்பிட, அவள் மட்டும் முன்பாதியை வெட்டிவிட்டு ‘கண்ணா’ என்பாள். அதில் அவனுக்கு ரகசியமாக ஒரு பெருமை. அவள் எழுதிய ஒவ்வொரு கட்டுரைக்கும் படம் அவனுடையது. அவள் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் ஒரு மூலையில் சுவரோடு சுவராக நின்று எடுத்துக்கொண்டிருப்பான். குழந்தை இல்லை. இருந்திருந்தால் வேலையை எப்படிப் பார்த்திருப்போம் என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்வார்கள். சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள்.

லாரிகளைப் பற்றி அவள் எவ்வளவு எழுதினாலும் அது பாதிக் கதைதான். மீதி கடலில் நடந்தது. ஆடுகளை உயிரோடு ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் போகிற கப்பல்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது. கப்பல் கம்பெனிக்காரர்கள், “எல்லா ஆட்டையும் கால்நடை மருத்துவர் பாத்து சான்று குடுத்துதான் ஏத்துறோம். சினை ஆடு ஒண்ணுகூடக் கிடையாது” என்று அடித்துச் சொன்னார்கள். சினை ஆட்டைக் கப்பலில் ஏற்றுவது அப்போதே குற்றம்.

“நான் ஏறிப் பாக்குறேன்” என்றாள் அவள்.

“உன்னை எவன் ஏத்துவான்? தீவன மூட்டை தூக்கத்தான் ஆள் எடுக்குறான்” என்றான் அவன். “நான் போறேன். எனக்கு மூட்டை தூக்குற மூஞ்சிதானே.”

“விளையாடாத கண்ணா.”

“விளையாட்டு இல்ல. நிஜமாத்தான் சொல்றேன்.”

அவனை வளர்த்தது அவன் அக்கா. கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்தவள். அவள்தான் ஒரு பழைய கோட்டில் பொத்தான் துளைக்குப் பின்னால் சின்ன கேமரா உட்காருகிற மாதிரி உள்பை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். “ஜாக்கிரதைடா தம்பி” என்றாள். அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லத் தெரிந்தது.

போனவன் வெயில் காலம் முடிகிற சமயத்தில் திரும்பி வந்தான். அவள் துறைமுக வாசலில் காத்திருந்தாள். தூரத்தில் வருகிறவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆள் பாதியாகியிருந்தான். பக்கத்தில் வந்ததும் நெடி மூக்கைத் துளைத்தது. கண்ணில் நீர் வரவைக்கிற, மூத்திரமும் சாணியும் வெந்துபோன மாதிரியான நெடி. வீட்டுக்கு வந்து குளித்தான். வெளியே வந்து உட்கார்ந்தவன், எழுந்து போய் மறுபடியும் குளித்தான்.

அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள். தளத்துக்குத் தளம் சூடு ஏறுவதைச் சொன்னான். சாணி குழம்பாகி ஆட்டின் முழங்கால் வரை ஏறுவதைச் சொன்னான். படுத்த ஆடு எழுந்திருக்காது. எழுந்திருக்காததன் மேல் மற்றவை நிற்கும். தினமும் காலையில் செத்ததைத் தள்ளுவண்டியில் போட்டு மேலே கொண்டுபோய்க் கடலில் கவிழ்ப்பார்கள். அவன் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. சந்தை விலை படிக்கிறவன் மாதிரி சொன்னான். நடுவில் ஒரு இடத்தில், “ஐயோ, இது பிரமாதம்!” என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. விரல்கள் நிற்கவில்லை. அவன் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். அவள் நிமிர்ந்து, “சொல்லு, சொல்லு” என்றாள். அவன் விட்ட இடத்திலிருந்து சொன்னான்.

படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது ஒன்றில் அவள் கை நின்றது. கீழ்த்தளத்தில் எடுத்தது. சாணிக் குழம்பில் ஒரு தாய் ஆடு படுத்திருக்கிறது. அப்போதுதான் ஈன்ற குட்டி அதன் வயிற்றை ஒட்டி நிற்கப் பார்க்கிறது. தாயின் காதில் மாட்டிய பட்டையில் எண் படிக்கிற மாதிரி விழுந்திருக்கிறது. பின்னால் செத்த ஆடுகளின் குவியல். குட்டியின் ஈர முகம் நேராக நம்மைப் பார்க்கிறது.

“இது மட்டும் வேண்டாம்” என்றான் அவன்.

“ஏன்? இதுதானே சாட்சி! சினை ஆட்டை ஏத்தினதுக்கு இதைவிட என்ன வேணும்?”

“வேண்டாம்.”

அவள் விடாமல் கேட்டாள். கடைசியில் சொன்னான்.

“ஒரு கையால தூக்கி மேல வெச்சிருக்கலாம். தீவன மேடை பக்கத்துலயேதான் இருந்துச்சு. நான் படம் எடுத்துக்கிட்டு நின்னேன். எடுத்து முடிச்சு நிமிர்றேன், பின்னால வந்தவன் குட்டியோட காலைப் புடிச்சுத் தூக்கி வண்டில போட்டுட்டான். செத்ததோட செத்ததா. அது உயிரோட இருந்துச்சு.”

“அப்புறம்?”

“அன்னிக்கு வண்டி தள்றது என் முறை.”

அவள் கேட்கலாமா கூடாதா என்று தயங்கிக் கேட்டாள். “தள்ளினியா?”

“தள்ளலைன்னா யாருடா நீன்னு கேப்பான். கோட்டைக் கழட்டிப் பாப்பான்.” அவன் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினான். “தள்ளினேன்.”

“சரி கண்ணா. போடலை” என்றாள்.

அந்தப் படம் இல்லாமலேதான் கட்டுரைத் தொடர் வந்தது. ஊரே பேசியது. ஒரே வாரத்தில் கப்பல் கம்பெனிக்காரர்கள் திருப்பி அடித்தார்கள். படங்கள் வேறு நாட்டில் எடுத்தவை, பழையவை, ஆட்டுக்காரி கதை கட்டுகிறாள் என்றார்கள். சான்றுகளை எடுத்து நீட்டினார்கள். அமைச்சர் அவர்கள் பக்கம் சாய்ந்தார். ஆசிரியர் அவளைக் கூப்பிட்டு, “இன்னும் ஏதாவது கையில இருந்தா இப்பவே எடு. இல்லைன்னா மன்னிப்பு கேட்டு ஒரு வரி போட்டுட்டு மூடிடுவோம்” என்றார்.

அவள் வீட்டுக்கு வந்து கணவனிடம் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தாள். “வேற வழி பாரு” என்று மட்டும் சொன்னான். அடுத்த கப்பலில் ஏற்றுவதற்கான ஆடுகள் அப்போதே லாரிகளில் வந்துகொண்டிருந்தன. கடலில் கவிழ்க்கப் போகிற வண்டிகளை அவள் நினைத்துப் பார்த்தாள். இவன் ஒருவனையும் நினைத்துப் பார்த்தாள். அன்று மாலை படத்தை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டாள். இரவு அவனுக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டாள். சொல்ல வாய் வரவில்லை.

முதல் பக்கத்தில் பாதிக்குமேல் அந்தப் படம். பத்திரிகைக் கடைக்காரர்தான் அவனைக் கூப்பிட்டு, “அடேயப்பா, உங்க படமா இது! பாக்கவே முடியலைங்க!” என்று காட்டியிருக்கிறார். அவன் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு வந்து, படம் கீழே போகும்படி மடித்து மேசையில் வைத்தான்.

“அச்சு நல்லா வந்திருக்கு” என்றான்.

அவள் அழுதாள், விளக்கம் சொன்னாள், திட்டச் சொன்னாள். அவன் சத்தம் போட்டிருந்தால் தேவலை.

தாய் ஆட்டின் காதில் இருந்த எண், கம்பெனிக்காரர்கள் நீட்டிய சான்றிலேயே இருந்தது. அந்தப் படத்துக்கு முன்னால் அமைச்சர் வாயடைத்துப்போனார். விசாரணை வந்தது. வருஷம் முடிவதற்குள் சட்டமும் வந்தது: இந்த நாட்டுத் துறைமுகத்திலிருந்து இனி உயிரோடு ஆடு ஏற்றக் கூடாது. கடைசிக் கப்பல் காலியாகக் கிளம்பியபோது கரையில் ஜனங்கள் கைதட்டினார்கள். விளையாட்டுப் பக்கத்துக்காரர்கூட எழுந்து நின்று, ‘மே’ சொல்லாமல், கைகொடுத்தார். அவள் எழுதிய புத்தகம் அடுத்த ஆண்டு வந்தது. அட்டையில் அதே குட்டி. புத்தகம் பல பதிப்புகள் போயிற்று.

படமும் கூடவே போயிற்று. சுவரொட்டியில் அது, பேருந்து நிறுத்தத்தில் அது, பிள்ளைகள் போட்டிருந்த சட்டையில் அது. அவன் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடக்கப் பழகினான். பிறகு கண் சரியில்லை என்று எழுதிக் கொடுத்து வேலையை விட்டான். ஒரு நாள் துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு அக்காவின் கடைக்குப் பின்னாலிருந்த அறைக்குப் போய்விட்டான். சண்டை இல்லை, வழக்கு இல்லை. “கொஞ்ச நாள் அங்க இருக்கேன்” என்றான். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. கடையை ஒட்டி ஒரு சின்ன ஸ்டூடியோ போட்டுக்கொண்டான். பாஸ்போர்ட் படம் மட்டும். ஒரு வெள்ளைத் திரை, ஒரு நாற்காலி. உட்காருகிறவரிடம் நிமிரச் சொல்வான், எடுப்பான், அனுப்பிவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போய்ப் பார்ப்பாள். ஒரு நாள் அவன் வெளியே போயிருந்தான். அவன் அக்கா தையல் மிஷினை விட்டு எழுந்திருக்காமல் பேசினாள்.

“உன் புத்தகத்தைப் படிச்சேன்மா. முழுசா படிச்சேன்.”

“எப்படி இருந்துச்சுக்கா?”

“ஆடு அழுததெல்லாம் எழுதியிருக்க. என் தம்பி அழுதது ஒரு வரிகூட இல்லையே?”

அக்கா மிதியை மிதித்தாள். மிஷின் ஓடியது. ஓசை நின்றதும், “அந்தக் கோட்டைத் தச்சது நான். உன்னை மட்டும் சொல்லி என்ன?” என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுகள் குறைந்துவிட்டன. அவளுக்குக் கூட்டங்கள் இருந்தன, பயணங்கள் இருந்தன. இன்னும் இரண்டு புத்தகங்கள் எழுதினாள். எந்த மேடையிலும் யாராவது ஒருவர், “அந்தப் படத்தை எடுத்தது யாரு?” என்று கேட்பார். “என் கணவர்” என்பாள். அரங்கம் அவனுக்காகக் கைதட்டும். அவள் தண்ணீர் குடிப்பாள்.

தலை நரைத்து, பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சுங்க அலுவலகத்தில் வேலை செய்கிற வாசகர் ஒருவர் போன் செய்தார். “அம்மா, ஆடு போய்க்கிட்டுதான் இருக்கு. லாரில எல்லை தாண்டிப் போயி, பக்கத்து நாட்டுச் சின்னத் துறைமுகத்துல ஏத்துறாங்க. பழைய கப்பலுங்க. முன்னைவிட மோசம்.”

அவள் போனை வைத்தாள். சட்டம் கதவைத்தான் மூடியிருந்தது. பக்கத்துச் சுவரில் சந்து இருந்திருக்கிறது.

இந்த முறை அவளே போனாள். யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் துறைமுகத்தில் கப்பல் சமையல்காரருக்குப் பாத்திரம் தேய்க்க ஆள் தேவைப்பட்டது. வயதான பொம்பளையை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? கைபேசி ஒன்று இடுப்பில் இருந்தது. இந்தக் காலத்தில் கேமராவுக்கென்று கோட்டு தைக்க வேண்டியதில்லை.

கப்பல் கிளம்பிய சில நாட்களில், கீழே வேலை செய்கிறவர்களுக்குத் தேநீர் கொண்டுபோகச் சொன்னார் சமையல்காரர். ஏணியில் இறங்க இறங்க அந்த நெடி மேலே வந்தது. துறைமுக வாசலில் அவனோடு வந்த அதே நெடி. அதைப் பற்றி அவள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். ஒரு பக்கத்திலும் அது இப்படி இல்லை. கண் திறக்க முடியவில்லை. மூச்சு தொண்டைக்குக் கீழே போக மறுத்தது. சத்தம் வேறு, எல்லாம் ஒன்றாக இருமுகிற சத்தம். ஆடு இருமும் என்று அவன் சொன்னதை அன்று அவள் எழுதாமல் விட்டிருந்தாள். யாரும் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆடு வயிறு வரை சாணியில் புதைந்து கிடந்தது. தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. அவளைப் பார்த்தது. அவள் கை இடுப்புக்குப் போனது. கைபேசியை எடுத்தாள். எடுத்தவள், அதைத் திரும்பச் செருகிவிட்டு, தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்து, கம்பியைத் தாண்டி இறங்கினாள். ஆட்டின் கழுத்தடியில் கையைக் கொடுத்து இழுத்தாள். அசையவில்லை. மற்ற ஆடுகள் மிரண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தன. அவள் விழுந்தாள். கை மடங்கிக் கம்பிக்கும் ஆட்டுக்கும் நடுவே மாட்டியது. ‘மளுக்’ என்று ஒரு சத்தம் அவளுக்கே கேட்டது.

ஒரு தொழிலாளி ஓடி வந்து அவளைத் தூக்கினார். “உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை? மேல போங்க. அது போயிடும். நீங்களும் போயிடாதீங்க.”

“அதைத் தூக்கிடுங்க, ஐயா. கெஞ்சிக் கேக்குறேன்.”

“எத்தனையத் தூக்குறது?” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கண்களும் பழுத்துச் சிவந்திருந்தன.

மணிக்கட்டு முறிந்தவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். கைபேசியில் மேல்தளத்துப் படங்கள் சில இருந்தன. எல்லாம் கலங்கல். அந்த ஆட்டின் படம் இல்லை. ஊர் திரும்பியதும் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். பழைய ஆசிரியர் போய்ச் சேர்ந்துவிட்டார், புதிதாக இருந்தவர் மரியாதையாக உட்காரவைத்து, “எழுதுங்க மேடம், கண்டிப்பா போடுறோம். ஆனா படம் இல்லாம முதல் பக்கத்துக்கு வராது” என்றார்.

அங்கிருந்து அவள் நேராக ஸ்டூடியோவுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை. அவன் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கைக்கட்டைப் பார்த்தான். பிறகு மூக்கை லேசாகச் சுருக்கினான். அவள் துறைமுகத்திலிருந்து வந்து பலமுறை குளித்திருந்தாள்.

“கப்பல்ல ஏறினியா?” என்றான்.

“உம்.”

“கீழ போனியா?”

“போனேன்.”

நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். முடித்ததும் கேட்டான்.

“படம் எடுத்தியா?”

“இல்ல.”

“அது பொழைச்சுச்சா?”

“இல்ல கண்ணா.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். வாசலில் ஒருவர் வந்து பாஸ்போர்ட் படம் வேண்டும் என்றார். அவள் எழுந்து ஓரமாக நின்றாள். அவன் விளக்கைப் போட்டு, வந்தவர் காலரைச் சரிசெய்து, இடது கண்ணை மூடி எடுத்து அனுப்பினான்.

“நான் அந்தப் படத்தைப் போட்டிருக்கக் கூடாது” என்றாள் அவள்.

“போடலைன்னா சட்டம் வந்திருக்காது. நானும் எல்லா விதத்துலயும் யோசிச்சுப் பாத்துட்டேன். எவ்வளவு ஆடு தப்பிச்சிருக்கும்? நீ போட்டது சரிதான்.”

“அப்புறம் ஏன் நீ வீட்டுக்கு வரலை?”

“சரியா இருந்தா வலிக்காதா?” விளக்கை அணைத்தான். “கேட்டிருக்கணும்னு நான் சொல்லலை. கேட்டா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா சொல்லியிருக்கலாம். காலைல எழுப்பி, ‘கண்ணா, இன்னிக்கு வருது’ன்னு ஒரு வார்த்தை. கடைக்காரர் காட்டித் தெரிஞ்சுக்கிட்டேன். என் எதிர்ல உக்காந்து ரொட்டி சாப்பிட்ட நீ.”

இத்தனை வருஷத்தில் அவன் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அதுவரை அழுகை வந்திருக்கவில்லை. கப்பலில் வரவில்லை, ஆஸ்பத்திரியில் வரவில்லை. இப்போது வந்தது. கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடப் பார்த்தாள், முடியவில்லை. அவன் பக்கத்தில் வந்து நின்றான். தோளில் கையை வைத்தான். சத்தம் கேட்டு அவன் அக்கா கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இருவரையும் பார்த்தவள், வாசல் திரையை இழுத்து மூடினாள். வெளியே யாரிடமோ, “இன்னிக்குப் படம் எடுக்கலைங்க, நாளைக்கு வாங்க” என்று சொல்வது உள்ளே கேட்டது.

அவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. அவளும் கூப்பிடவில்லை. ஞாயிறுகள் மட்டும் திரும்ப வந்தன. அவள் வருவாள், மூன்று பேருமாகத் தேநீர் குடிப்பார்கள், அவள் போய்விடுவாள். கட்டுரை உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது. ஆடுகள் இருமுவதை இந்த முறை எழுதியிருந்தாள். கடிதங்கள் ஒன்றிரண்டுதான் வந்தன. அதில் ஒருவர், அவளுடைய முதல் புத்தகத்தைச் சின்ன வயதில் படித்ததாகவும், அந்தக் கொடுமையெல்லாம் அப்போதே முடிந்துவிட்டது என்று நினைத்திருந்ததாகவும் எழுதியிருந்தார்.

மணிக்கட்டு சரியாகச் சேரவில்லை. இடது கை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, எல்லை தாண்டிப் போகிற லாரிகளைப் பற்றி மறுபடியும் எழுத ஆரம்பித்தாள். அந்த வாரமும் அங்கிருந்து ஒரு கப்பல் கிளம்பியிருந்தது.